கிராக்கோவில் உணவு நடை: முதலில் அந்தப் புளிப்பைப் பழகுங்கள்

நீங்கள் கேட்டது இது: ஜூன் கடைசியில் அப்பா அம்மாவுடன் போலந்தின் கிராக்கோவ் நகரில் இரண்டு நாள் தங்கப்போகிறீர்கள். வழிகாட்டி ஒருவரோடு பழைய நகரத்தில் நடந்து, போகிற வழியில் ஏழெட்டு இடங்களில் பாரம்பரிய போலிஷ் உணவைச் சுவைக்கும் சுற்றுக்குப் பணம் கட்டலாமா? அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். அப்பா மாட்டிறைச்சி தவிர மற்றதெல்லாம் சாப்பிடுவார். இருவருக்கும் அங்கே ஏதாவது தேறுமா?

பணம் கட்டலாம், தாராளமாக. ஆனால் முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள். இரண்டாம் நாள் மாலைக்குத் தள்ளாதீர்கள். போலிஷ் சாப்பாட்டின் ருசி யாராவது சொல்லிக்கொடுக்காமல் நமக்குப் பிடிபடாது. முதல் நாளே ஒருவர் அதைச் சொல்லிவிட்டால் மீதி வேளைகளை நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள்.

நான் கிராக்கோவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். போய்ச் சேர்ந்தது ஒரு ஜனவரியில். குளிருக்குச் சூடாக எதாவது வேண்டும் என்று முதல் வாரம் ஒரு சின்னக் கடையில் ஷூரெக் என்ற சூப்பை வாங்கினேன். வெளுத்த சாம்பல் நிறம், நடுவில் பாதி முட்டை. ஒரு வாய் வைத்ததும் புளிப்பு ஏறியது. கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து, ஊரிலிருந்து வந்த நண்பருக்காக ஒரு உணவு நடையில் சேர்ந்தேன். வழிகாட்டிப் பெண் சந்தையில் ஒரு கண்ணாடிப் புட்டியைத் திறந்து எங்கள் மூக்கருகே நீட்டினார். இரவு ஆட்டி வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கும்போது அடுக்களையில் ஒரு வாசனை வருமே, அதே வாசனை. ரை என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து, பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு, நாலைந்து நாள் புளிக்கவிட்ட கரைசல் அது. ஷூரெக்கின் உயிரே அந்தக் கரைசல்தான். அன்று மதியம் மறுபடியும் ஷூரெக் வாங்கினேன். ரொட்டியால் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த நாட்டுச் சமையலுக்குள் நுழையும் வாசல் புளிப்பு. அங்கே புளியமரம் கிடையாது, எலுமிச்சையும் விளையாது. ஆனாலும் சாப்பாட்டில் புளிப்பு இல்லாத இடமே இல்லை. முட்டைக்கோஸ் புளித்தது, வெள்ளரிக்காய் புளித்தது, பீட்ரூட் புளித்தது, ரொட்டி மாவு புளித்தது, பாலும் புளித்தது. மண் உறைந்து கிடக்கும் மாதங்களில் கீரையும் காயும் எங்கே கிடைக்கும்? இலையுதிர் காலத்தில் அறுத்த முட்டைக்கோஸை நறுக்கி, உப்புப் போட்டு மிதித்துப் பீப்பாயில் அடைத்தால் வசந்தம் வரை தாங்கும். உப்புக்கும் குறைவில்லை. கிராக்கோவிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது வியெலிச்கா உப்புச் சுரங்கம். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து பாறை உப்பை வெட்டி எடுத்த இடம். அந்தக் காலத்து அரசர்களின் கஜானாவுக்குப் பெரிய வருமானம் தந்தது. பயணிகள் அதை ஒரு தனி நாள் சுற்றுலாவாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சந்தையில் ஒரு ஊறிய வெள்ளரிக்காயைக் கடிக்கும்போதும் அந்தச் சுரங்கத்தை நினைத்துக்கொள்ளலாம்.

நடை எங்கிருந்து தொடங்குகிறது என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். ஸ்தாரி க்ளெபாஷ் சந்தையில் தொடங்கினால், அல்லது வழியில் அங்கே நின்றால், அது நல்ல நடை. பழைய நகரின் வடக்கு வாயிலில் செங்கல்லால் கட்டிய பார்பகன் கோட்டை நிற்கிறது. அதற்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் சந்தை. க்ளெபாஷ் ஒரு காலத்தில் தனி ஊர், 1366-இல் மூன்றாம் கஸிமியெஷ் அரசர் நகர உரிமை தந்த ஊர். இன்றும் கிராக்கோவ்காரப் பாட்டிகள் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு காய் வாங்க வருவது இங்கேதான்.

அந்தச் சந்தையில் அவசரப்படாதீர்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் பின்தங்கி நில்லுங்கள். முட்டைக்கோஸ் பீப்பாய்க்கு முன்னால் நின்று கேட்டால் கிள்ளி ருசிக்கத் தருவார்கள். கபுஸ்தா கிஷோனா என்பது அதன் பெயர். கிஷோனா, கிஷோனே என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் பொருள் உப்புநீரில் தானாகப் புளித்தது. பக்கத்திலேயே கொன்செர்வோவே என்று எழுதிய புட்டிகளும் இருக்கும். அவை வினிகர் ஊற்றியவை, பெரும்பாலும் சர்க்கரையும் சேர்த்தவை. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ருசியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்களுக்கு வேண்டியது கிஷோனே.

நீங்கள் போகும் ஜூன் கடைசியில் இன்னொரு நல்வாய்ப்பு இருக்கிறது. மாவொசோல்னே என்று கேளுங்கள். குறைந்த உப்பு என்று அர்த்தம். பிஞ்சு வெள்ளரிக்காயைச் சதகுப்பை என்கிற டில் தண்டு, பூண்டு, குதிரைமுள்ளங்கி வேர் எல்லாம் சேர்த்து உப்புநீரில் ஓரிரு நாள் மட்டும் ஊறவைப்பது. வெளியே லேசாகப் புளித்திருக்கும், உள்ளே இன்னும் பச்சைக் காயின் நறுக். கோடைக்காலத்துப் பண்டம் அது. உங்கள் அம்மாவுக்கு இரண்டு காய் வாங்கிக் கொடுங்கள். உப்பில் ஊறிய மாவடு பிடித்தவர் என்றால் அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அதே சந்தையில் வெள்ளையாக, ஆப்பு வடிவத்தில் துணியில் கட்டிப் பிழிந்த பால்கட்டி ஒன்று இருக்கும். த்வாருக். பாலைப் புளிக்கவிட்டுச் சூடாக்கி வடிகட்டினால் த்வாருக். வழக்கமான முறையில் விலங்கு நொதி எதுவும் சேர்ப்பதில்லை, புளிப்பே பாலைத் திரிக்கிறது. நம்மூர் பன்னீரைவிடப் பொடிபொடியாக, ஈரமாக, லேசான புளிப்போடு இருக்கும். இதை ஒரு விரற்கடை ருசித்துவிட்டால் பிறகு வரும் பாதி உணவுகளின் உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துவிடும். பியெரோகி என்ற கொழுக்கட்டையின் பூரணத்தில் இருக்கிறது, செர்னிக் என்ற சீஸ்கேக்கில் இருக்கிறது, மெல்லிய நாலெஷ்னிகி தோசையின் சுருளுக்குள்ளும் இருக்கிறது.

புகையூட்டிய ஆட்டுப்பால் சீஸ், அதாவது ஒஸ்ட்சிபெக், கிராக்கோவின் பண்டமல்ல. தெற்கே தாத்ரா மலையடிவாரத்துப் பொத்ஹாலே பகுதியின் மேய்ப்பர்களுடையது. செதுக்கிய மர அச்சில் அழுத்தி, இரு முனையும் கூரான நூற்புக்கதிர் போல வடித்து, குடிசைக் கூரைக்கடியில் புகையில் வைப்பார்கள். 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பாதுகாக்கப்பட்ட பெயர் என்ற தகுதியை அளித்தது. செம்மறியாட்டுப் பால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். ஆடுகள் மலையில் மேயும் மாதங்களில்தான் செய்ய வேண்டும். அதனால் குளிர்காலத்தில் சந்தைச் சதுக்கத்தில் நெருப்பில் வாட்டிக் கொடுப்பதில் பெரும்பகுதி பசும்பாலில் செய்த அதன் தங்கைதான். அதற்குக் கோவ்கா என்று பெயர். தப்பில்லை, சூடாகக் குருதிநெல்லி ஜாமோடு சாப்பிட அதுவும் ருசிதான். நீங்கள் போவது ஜூன் மாதம், அசல் கிடைக்கும். ஒன்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: இந்த மலைச் சீஸ்களை உறைய வைக்க ரென்னெட் சேர்ப்பார்கள், பாரம்பரியமாக அது கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

சந்தையை விட்டு வெளியே வந்தால் ஃப்ளோரியன் வாயில் வழியாகப் பழைய நகரத்துக்குள் நுழைவீர்கள். நகரைச் சுற்றியிருந்த மதிலை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் இடித்துவிட்டு, அந்த இடத்தில் மரம் நட்டுப் பூங்கா வளையம் ஆக்கிவிட்டார்கள். ப்ளான்ட்டி என்பார்கள். அம்மா அப்பாவுக்குக் கால் வலித்தால் உட்கார ஏராளமான பெஞ்சுகள் அங்கே உண்டு.

தெருமுனைகளில் கண்ணாடி வைத்த தள்ளுவண்டியில் வளையல் அடுக்கியது போல ரொட்டி தெரியும். ஒப்வஷானெக். மாவை இரண்டு மூன்று திரியாக உருட்டி, கயிறு திரிப்பது போல முறுக்கி, வளையமாக்கி, முதலில் வெந்நீரில் போட்டு எடுத்து, பிறகு அடுப்பில் சுடுகிறார்கள். அந்தப் பெயருக்கே வேர் 'கொதிநீரில் முக்குதல்' என்ற பொருள் தரும் சொல். மேலே உப்பு, கசகசா அல்லது எள். 1394-ஆம் ஆண்டு யாத்விகா அரசியின் அரண்மனைக் கணக்கில் இதற்குக் கொடுத்த காசு பதிவாகியிருக்கிறது. 1496-இல் யான் ஒல்பிராக்ட் அரசர் இதைச் சுடும் உரிமையை நகர ரொட்டிக்காரர்களுக்கு என்று எழுதிக்கொடுத்தார். 2010 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் உண்டு. இத்தனை பெருமை உள்ள பண்டம் இன்னும் தெருவண்டியில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம். காலையில் வாங்குங்கள். மாலைக்குள் அது விறைத்துவிடும், அடுத்த நாள் புறாவுக்குத்தான் ஆகும். மாவில் கொஞ்சம் கொழுப்பு சேர்ப்பார்கள், சில இடங்களில் அது விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். அம்மாவுக்காக வழிகாட்டியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

பெரிய சதுக்கமான ரினெக் பற்றி எல்லாப் பயணக் குறிப்புகளிலும் இருப்பதால் இங்கே நீட்டவில்லை. 1257-இல் நகரத்தை வகுத்தபோது அளந்து விட்ட சதுரம், பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர். மணிக்கொரு முறை மரியன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவார்கள், நான்கு திசைக்கும் ஒவ்வொரு முறை, ஒவ்வொரு முறையும் பாதியில் சட்டென்று நிற்கும். அந்த நேரம் வாயில் இருப்பதை மென்றுகொண்டே நிமிர்ந்து பாருங்கள். ஆனால் அந்தச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள மேசைகளில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். ஒருமுறை என் மாமா குடும்பத்துக்காக இணையத்தில் பதிவு செய்த நடை ஒன்று, சதுக்கத்து உணவகம் ஒன்றில் எல்லோரையும் உட்கார வைத்து, ஒரே தட்டில் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வைத்து, இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. நடந்தது மொத்தம் 300 மீட்டர் இருக்கும். சாப்பாடு மோசமில்லை. ஆனால் அங்கே சமைப்பவரையும் பார்க்கவில்லை, சாப்பிடும் ஊர்க்காரர்களையும் பார்க்கவில்லை. அதனால் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: எத்தனை இடங்களில் நிற்போம், அதில் எத்தனை இடம் உள்ளூர்க்காரர்கள் தினமும் போகிற இடம், குழுவில் எத்தனை பேர், சைவத்துக்கு மாற்று உணவு நிஜமாகவே ஏற்பாடு உண்டா அல்லது தட்டிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டுக் கொடுப்பார்களா. கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் எழுதும் வழிகாட்டியை நம்பலாம். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் சந்தையில் பேச்சே காதில் விழாது.

இனி சைவம். போலந்து கத்தோலிக்க நாடு. நூற்றாண்டுகளாக வெள்ளிக்கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளிலும் இறைச்சி விலக்கிய பழக்கம் இருக்கிறது. அதனால் இறைச்சியில்லாத சமையல் அங்கே புதிதாக முளைத்ததல்ல. கிறிஸ்துமஸ் முந்தைய இரவு விருந்துக்குப் பன்னிரண்டு வகை வைக்கும் மரபு உண்டு, ஒன்றிலும் இறைச்சி இராது. புளித்த பீட்ரூட் சாற்றில் செய்த பார்ஷ்ச், அதில் மிதக்கும் காளான் அடைத்த குட்டிக் கொழுக்கட்டை, முட்டைக்கோஸும் காளானும் அடைத்த பியெரோகி, கசகசா இனிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அந்த விருந்தின் நடுநாயகம் கெண்டை மீன். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுவது. இறைச்சி இல்லை என்று சொன்னால் அவர்கள் கணக்கில் மீன் இருக்கலாம். வயதானவர்கள் நடத்தும் கடைகளில் இது இன்னும் உண்டு. ஆகவே அம்மாவுக்காகச் சொல்லும்போது மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம். பெஸ் மியென்ஸா, பெஸ் ரிபி, பெஸ் யாயெக். பெஸ் என்றால் இல்லாமல்.

இன்னும் இரண்டு கண்ணிகள். ஒன்று, ஸ்க்வார்கி. பியெரோகியை ஆவி பறக்கத் தட்டில் வைத்து, பொன்னிறமாக எதையோ மேலே தூவித் தருவார்கள். வறுத்த வெங்காயம் என்று நினைப்போம். பல சமயம் அது பொரித்த பன்றிக்கொழுப்புத் துணுக்கு. பெஸ் ஸ்க்வாரெக் என்று முன்பே சொல்லிவிட்டால் வெங்காயமோ வெண்ணெயோ போட்டுத் தருவார்கள். இரண்டு, ஸ்மாலெட்ஸ். உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடையோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாக வரும். உறைந்த தேங்காயெண்ணெய் போல இருக்கும், வெண்ணெய் என்று எடுத்துத் தடவிவிடுவோம். அது பன்றிக்கொழுப்பு. அப்பாவுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் கறுத்த ரொட்டியில் அதைத் தடவி, மேலே ஒரு துண்டு புளித்த வெள்ளரிக்காய் வைத்துத் தரலாம். கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டிவிடும்.

பியெரோகி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைதா மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, வட்டமாக வெட்டி, பூரணம் வைத்து அரைவட்டமாக மடித்து ஓரம் அழுத்தி வேகவைப்பது. சோமாசியின் வடிவம், கொழுக்கட்டையின் மென்மை. ருஸ்கியே என்ற வகைக்குள் உருளைக்கிழங்கும் த்வாருக்கும் வதக்கிய வெங்காயமும் இருக்கும். பெயரைப் பார்த்து ரஷ்யாவோடு சேர்க்காதீர்கள். ருஸ் என்பது இன்றைய மேற்கு உக்ரைன் பக்கத்துப் பழைய நிலப்பெயர். 2022-இல் போர் தொடங்கிய பிறகு பல உணவகங்கள் பட்டியலில் அதை 'உக்ரைன் பியெரோகி' என்று மாற்றி எழுதின. ஒரு தட்டு மாவுப் பண்டத்தின் பெயரில் அந்த மக்கள் தங்கள் மனதைக் காட்டியது என்னை நெகிழ வைத்தது. அந்த ஆண்டு வசந்தத்தில் கிராக்கோவ் ரயில் நிலையத்தில் அகதிகள் வந்து இறங்கியதையும், ஊர்க்காரர்கள் பாத்திரம் பாத்திரமாக சூப் கொண்டுவந்து ஊற்றியதையும் நேரில் பார்த்தவன் நான்.

பியெரோகிக்கு ஒரு புனிதரும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் டொமினிக்கன் துறவி மடத்தைத் தொடங்கிய யாத்செக். அவர்தான் பசித்தவர்களுக்கு இதைச் செய்து கொடுத்தார் என்பது கதை. வியப்பு வந்தால் 'பியெரோகி வைத்திருக்கும் புனித யாத்செக்கே!' என்று பழைய தலைமுறை கூவும். அவர் மடத்தின் ஆலயம் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் இன்றும் இருக்கிறது. நல்ல வழிகாட்டி அதைக் காட்டாமல் போகமாட்டார். கோடையில் ஸ்ட்ராபெரியோ காட்டு நீலப்பழமோ அடைத்து, மேலே ஷ்மியெதானா என்ற புளித்த பாலாடையும் சர்க்கரையும் போட்ட பியெரோகி வரும். அதை இனிப்பு என்று கடைசியில் சாப்பிட மாட்டார்கள், மதியச் சாப்பாடே அதுதான். அம்மாவுக்கு இதைக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். மாவில் சிலர் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இவற்றைச் சாப்பிடச் சரியான இடம் பார் ம்லெச்னி. பால் கடை என்று சொல்லுக்குச் சொல் பொருள். முதல் கடை 1896-இல் வார்சாவில் திறந்தது. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் நாடெங்கும் பரவி, தொழிலாளிக்கும் மாணவனுக்கும் வயிறாரப் போட்டது. பாலும் மாவும் காயும் சேர்ந்த இறைச்சியில்லாத உணவுகளுக்கு அரசு மானியம் இன்றும் உண்டு. அதனால் சைவம்தான் அங்கே மலிவு. வரிசையில் நின்று, சுவரில் எழுதியதைப் பார்த்துச் சொல்லி, காசு கொடுத்து, சீட்டை உள்ளே நீட்ட வேண்டும். சமைத்ததும் உள்ளிருந்து பெயரைக் கூவுவார்கள். புன்னகையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் தட்டு நிறைய வரும். சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் ஜன்னலில் வைக்க வேண்டும். மேசையில் உங்களுக்கு எதிரே வழக்கறிஞரும் இருப்பார், ஓய்வூதியம் வாங்கும் பாட்டியும் இருப்பார். சதுக்கத்திலிருந்து வாவெல் அரண்மனைக்குப் போகும் க்ரோட்ஸ்கா தெருவிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. நடையில் இது இல்லையென்றால் மறுநாள் மதியம் நீங்களாகப் போங்கள்.

அங்கே கோடையில் அம்மாவுக்கு ஒரு தட்டு உண்டு: வேகவைத்த புது உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெயும் நறுக்கிய டில்லும், பக்கத்தில் ஒரு தம்ளர் ஷாத்வே ம்லெகோ. உறைந்த பால் என்று அர்த்தம், அதாவது தயிர். மாஷ்லான்கா என்று கேட்டால் மோர். இந்தத் தட்டைச் சாப்பிட்டபோது எனக்கு வீட்டு நினைவு வந்து தொண்டை அடைத்தது என்று எழுத வெட்கப்படவில்லை. சூப்பில் மட்டும் கவனம். தக்காளி சூப்பைப் பெரும்பாலும் முந்தைய நாள் கோழிச்சாற்றில்தான் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோழிச்சாறு, திங்கட்கிழமை அதே சாற்றில் தக்காளி சூப் என்பது வீடுகளில் எழுதாத சட்டம். அந்தச் சாற்றுக்குப் போடும் காரட், பார்ஸ்லி வேர், செலரிக் கிழங்கு, லீக் கட்டுக்கு 'இத்தாலிச் சாமான்' என்று பொருள்படும் வ்வொஷ்ச்சிஸ்னா என்று பெயர். 1518-இல் முதலாம் சிக்மண்ட் அரசரை மணந்து வாவெல் அரண்மனைக்கு வந்த இத்தாலிய இளவரசி போனா ஸ்ஃபோர்சாதான் இந்தக் காய்களைக் கொண்டுவந்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவற்றில் பல அவருக்கு முன்பே அங்கே இருந்தவை. ஆனாலும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்பாவுக்கு: போலிஷ் சமையலில் முதன்மை பன்றி, மாடு குறைவு. ஆனால் பீகோஸ் என்ற முட்டைக்கோஸ்-இறைச்சிக் கூட்டில் இரண்டும் கலந்திருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். புளித்த கோஸும் புதுக் கோஸும் உலர்ந்த காளானும் இறைச்சியும் சேர்த்துப் பல மணி நேரம் கொதித்தது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சுடவைத்தால்தான் ருசி ஏறும், நம் பழைய மீன் குழம்பு போல. தாதார் என்று எழுதியிருந்தால் அது பச்சை மாட்டிறைச்சி, மேலே பச்சை முட்டைக்கரு. பல நடைகளில் மதுக்கடைப் பண்டமாக அதை வைப்பார்கள், முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வொவொவீனா என்றால் மாட்டிறைச்சி. அந்தச் சொல்லை நினைவில் வைத்தால் போதும். கட்டாயம் ருசிக்க வேண்டியது கியெல்பாசா லிஷேட்ஸ்கா. கிராக்கோவுக்கு மேற்கே லிஷ்கி பகுதிக் கிராமங்களில் பன்றித்தொடை இறைச்சியைப் பெரிய துண்டுகளாகவே அடைத்து, மரப்புகையில் வாட்டிச் செய்வது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. வெட்டிய வட்டத்தில் தனித்தனி இறைச்சித் துண்டு தெரிய வேண்டும், கூழாகத் தெரிந்தால் அது வேறு.

வோட்காவை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், அதைப் பற்றி ஊரே பேசும். அப்பா குடிப்பவர் என்றால் தேன்மது கேட்கச் சொல்லுங்கள். ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு தண்ணீர் விட்டால் அதற்கு ஒரு பெயர், ஒரு பங்கு விட்டால் த்வூய்னியாக், இரண்டு பங்கு என்றால் த்ரூய்னியாக், மூன்று என்றால் ச்வூர்னியாக். தண்ணீர் குறையக் குறைய இனிப்பும் விலையும் ஏறும். த்ரூய்னியாக் நடுநிலையானது. குடிக்காதவர்களுக்குக் கொம்போட்: பழத்தைக் கொதிக்கவைத்த நீர், ஜூனில் ருபார்ப் தண்டோ ஸ்ட்ராபெரியோ இருக்கும்.

பெரும்பாலான நடைகள் கஸிமியெஷில் முடியும். 1335-இல் மூன்றாம் கஸிமியெஷ் தன் பெயரில் அமைத்த தனி நகரம் அது. 1495-இல் கிராக்கோவிலிருந்து யூதர்களை அப்புறப்படுத்தியபோது அவர்கள் இங்கே வந்தார்கள். நானூறு ஆண்டுகளுக்கு மேல் அது யூத வாழ்வின் பெரும் மையம். 1610-ஆம் ஆண்டு கிராக்கோவ் யூத சமூகத்தின் விதிமுறைகளில் பேகல் என்ற பெயர் வருகிறது. இன்று உலகமெங்கும் தெரிந்த அந்த வளைய ரொட்டியும், காலையில் நீங்கள் வண்டியில் வாங்கிய முறுக்கிய வளையமும் ஒரே ஊரின் அக்காள் தங்கை. இரண்டாம் உலகப் போருக்கு முன் கிராக்கோவில் நான்கில் ஒருவர் யூதர். 1941 மார்ச்சில் நாஜிகள் அவர்களை ஆற்றுக்கு அப்பால் பொட்கூஷே பகுதியில் அடைத்தார்கள், 1943 மார்ச்சில் அந்த அடைப்பையும் அழித்தார்கள்.

இதைச் சொல்லாமல் அங்கே சாப்பாடு மட்டும் காட்டும் வழிகாட்டியை நான் இரண்டாம் முறை அழைக்கமாட்டேன். இன்று கஸிமியெஷ் உணவகங்களில் பரிமாறும் திராட்சையும் பாதாமும் போட்ட இனிப்புக் கெண்டை மீன், வெள்ளி மாலை அடுப்பேற்றிச் சனி மதியம் வரை வேகும் பீன்ஸ்-பார்லிக் கூட்டான ச்சூலென்ட் எல்லாம் பெரும்பாலும் 'யூத பாணி' என்று எழுதிச் செய்பவை. சமைப்பவர் யூதராக இருக்க வேண்டியதில்லை, சமைத்தது கோஷர் என்ற யூத உணவு விதிப்படியும் இருக்க வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுவதே அங்கே வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. நோவி சதுக்கத்தின் நடுவில் வட்டமாக ஒரு சின்னக் கட்டடம், 1900-இல் கட்டியது. 1927 முதல் அது யூத சமூகத்தின் கோழி அறுக்கும் கூடமாக இருந்தது. இப்போது அதன் ஜன்னல்கள் வழியே ஸாபியெகான்கா விற்கிறார்கள்: நீள ரொட்டியை நெடுக வெட்டி, நறுக்கி வதக்கிய காளானும் சீஸும் வைத்து வாட்டி, மேலே கெட்சப். 1970-களில் இறைச்சி கிடைக்காத நாட்களில் நாடெங்கும் பரவிய தெருப்பண்டம். பழைய வடிவத்தில் காளானும் சீஸும் மட்டும்தான். பதினைந்து சாமான் குவித்ததை விட்டுவிட்டு அதையே வாங்குங்கள். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் வழக்கமாக யூதப் பண்பாட்டு விழா நடக்கும், அந்தப் பகுதியில் கூட்டம் இருக்கும். இசையைக் கேட்கலாம், மேசை கிடைக்கத் தாமதமாகலாம்.

நடை முழுவதும் இரண்டரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகாது, ஆனால் நேரம் நாலு மணி பிடிக்கும். கல் பாவிய தெருக்கள். அம்மாவை மெல்லிய செருப்போடு வரவிடாதீர்கள். காலையில் விடுதியில் சாப்பிட்டுவிட்டு வரவும் விடாதீர்கள். உங்கள் முதல் நாள் ஞாயிறாக இருந்தால் நடையை மறுநாளைக்கு மாற்றுங்கள். 2018 முதல் ஞாயிற்றுக்கிழமை வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, சந்தையும் அன்று உயிரோட்டமாக இராது.

திரும்பும்போது க்ளெபாஷில் நூலில் கோத்த உலர்ந்த காட்டுக் காளான் ஒரு சரம் வாங்குங்கள். போரோவிக் என்று கேட்டால் நல்ல ரகம். புளித்த ரைக் கரைசல் புட்டியிலும் கிடைக்கும், ஆனால் உள்ளே இன்னும் புளித்துக்கொண்டே இருக்கும், விமானத்துக்கு ஆகாது. அதற்குப் பதில் ரை மாவு அரைக் கிலோ எடுத்து வாருங்கள். ஐந்து மேசைக்கரண்டி மாவு, அரை லிட்டர் ஆறிய வெந்நீர், நாலு பல் பூண்டு, இரண்டு பிரிஞ்சி இலை, துணி கட்டிய ஜாடி. நம்மூர் வெயிலில் ஐந்து நாள் வேண்டாம், இரண்டாம் நாளே துணியை அவிழ்த்து முகர்ந்து பாருங்கள்.